சாட்டிஸ்ஃபேக்டரி: பெல்ட் ஏன் நின்னுச்சுன்னு நடந்து போய் பாக்கலாம்

ஆபீஸ்ல நாள் பூரா வேலை பாத்துட்டு வீட்டுக்கு வந்து மறுபடியும் ஃபேக்டரி கட்டுற கேம்ல போய் வேலையே பாக்கறீங்களே, அதுல அப்படி என்னதான் இருக்குன்னு நெறைய பேர் கேக்கறாங்க. நியாயமான கேள்வி. எனக்கு இதுக்கு ஒரு தெளிவான பதில் இருக்கு, அத சொல்லத்தான் சாட்டிஸ்ஃபேக்டரிக்கு இந்த ரிவ்யூ.

முதல்ல தெரியாதவங்களுக்கு. ஸ்வீடன்ல இருக்கற காஃபி ஸ்டெய்ன் ஸ்டூடியோஸ் பண்ண கேம் இது, 2019 மார்ச்ல ஏர்லி ஆக்சஸ்ல, அதாவது முழுசா முடியறதுக்கு முன்னாடியே விக்கற மாதிரி வந்துச்சு, அஞ்சு வருஷத்துக்கு மேல மெருகேத்தி 2024 செப்டம்பர் 10ஆம் தேதி 1.0ங்கற முழு வெர்ஷன விட்டாங்க. ஃபிக்சிட்னு ஒரு கம்பெனி உங்கள ஆளே இல்லாத ஒரு கிரகத்துல எறக்கி விட்டுடும், நீங்க அங்க இரும்பு, செம்பு, நிலக்கரி எல்லாம் தோண்டி, மெஷின் வெச்சு, பெல்ட் போட்டு, சாமான் செஞ்சு ஸ்பேஸ் எலிவேட்டர்ல மேல அனுப்பணும். கதைன்னு பாத்தா அவ்ளோதான். ஆனா எல்லாமே ஃபர்ஸ்ட் பெர்சன், அதாவது மேல இருந்து படம் பாக்கற மாதிரி இல்லாம உங்க சொந்தக் கண்ணு உயரத்துல இருந்து பாக்கறீங்க, இந்த ஒரு விஷயம்தான் கேமையே மாத்திடுது.

ஆரம்பத்துல வர்ற ஒரு சின்ன லைன சொல்றேன், புரியும். ரீஇன்ஃபோர்ஸ்டு அயர்ன் பிளேட்னு ஒரு சாமான். ஒரு அசெம்ப்ளர், அதாவது ரெண்டு சாமான சேத்து ஒண்ணாக்கற மெஷின், நிமிஷத்துக்கு 5 பிளேட் பண்ணும், அதுக்கு நிமிஷத்துக்கு 30 சாதா பிளேட்டும் 60 ஸ்க்ரூவும் வேணும். பின்னாடியே கணக்கு போட்டுட்டு போனீங்கன்னா 30 பிளேட்டுக்கு 45 இங்காட் (உருக்கின இரும்புக் கட்டி), 60 ஸ்க்ரூவுக்கு 15 ராடு, 15 ராடுக்கு 15 இங்காட், ஆக மொத்தம் 60 இங்காட். ஒரு சாதாரண இரும்பு நோட்ல, அதாவது தாது கெடைக்கற எடத்துல, முதல் மார்க் (ஆரம்ப நிலை) மைனர் வெச்சா சரியா நிமிஷத்துக்கு 60 தாது வரும், முதல் மார்க் பெல்ட்டும் சரியா 60தான் தூக்கும், ரெண்டு ஸ்மெல்ட்டர் ஆளுக்கு 30 உருக்கும்! மைனர்ல இருந்து அசெம்ப்ளர் வரைக்கும் ஒம்பது மெஷின், ஒரு கட்டி கூட வீணாகாது. இந்தக் கணக்கு அப்படியே வந்து உக்காரும்போது ஒரு சந்தோஷம் வரும் பாருங்க, அது வேற எந்த கேம்லயும் எனக்கு வந்ததில்ல.

இதுல இன்னொரு அழகும் இருக்கு. 60 இங்காட்ட 45, 15னு எப்படி பிரிக்கிறது? பெல்ட்ட ரெண்டா பிரிக்கற ஸ்ப்ளிட்டர் பாதிப் பாதியாதான் பிரிக்கும், 30க்கு 30. ஆனா ராடு பண்ற மெஷின் 15தான் தின்னும், அதனால அந்தப் பக்கத்து பெல்ட் கொஞ்ச நேரத்துல ரொம்பி நின்னுடும், நின்ன உடனே மிச்சம் 15ம் தானா பிளேட் பக்கம் திரும்பிடும். நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாம், லைன் தானாவே சமமாயிடும். பெல்ட் நிக்கறது எல்லா நேரமும் கோளாறு கெடையாது, சில எடத்துல நின்னாதான் சரியா ஓடுதுன்னு அர்த்தம், எது நல்ல நிக்கறது எது கெட்ட நிக்கறதுன்னு கண்டுபுடிக்கறதுதான் இந்த கேமோட உயிர்.

இப்ப அந்தப் பதிலுக்கு வரேன். இந்த கேம்ல எது கெட்டாலும் காரணம் கண்ணுக்குத் தெரியும். அசெம்ப்ளர் நின்னுச்சா, பெல்ட்டப் புடிச்சுக்கிட்டு பின்னாடி நடங்க, ஸ்க்ரூ வரலையா, இன்னும் நடங்க, ராடு மெஷினுக்கு கரண்ட் லைன் விட்டுப் போச்சா, ஏதோ ஒரு மூலைல பெல்ட் மார்க் கம்மியா போட்டிருக்கா, போய் நின்னு பாத்தா தெரிஞ்சுடும். பெங்களூர் அவுட்டர் ரிங் ரோட்ல கண்ணாடி பில்டிங்ல உக்காந்து சாஃப்ட்வேர் வேலை பாக்கற என்ன மாதிரி ஆளுங்களுக்கு இதோட அருமை தெரியும். எங்க வேலைல ஒண்ணு லேட்டானா ஏன்னு கண்டுபுடிக்க நாலு மீட்டிங் போட்டு, யாரோ யாருக்கோ அனுப்பின மெயில தேடி, கடைசி வரைக்கும் எங்க மாட்டுச்சுன்னே தெரியாம போற நாள் உண்டு. இங்க அப்படி இல்ல. பிரச்சனைக்கு ஒரு எடம் இருக்கு, அந்த எடத்துக்கு நடந்து போகலாம், போய் கையால சரி பண்ணலாம், பண்ண அடுத்த நிமிஷமே பெல்ட் நகரும்.

நான் இத கோ-ஆப்லதான், அதாவது ஒரே ஃபேக்டரிய சேந்து கட்டற மாதிரி ஆடறேன், எங்க மாமா பையனோட. அவன் பெங்களூர் பீன்யா தொழிற்பேட்டைல ஒரு மெஷின் ஷாப்ல சூப்பர்வைசர், வேற எந்த கேமும் தொடமாட்டான், துப்பாக்கி கேம்னா பக்கத்துலயே வரமாட்டான். இத முதல் தடவை பாத்ததுமே "டேய் மாப்ள, இது லைன் பேலன்சிங்டா, நாங்க தெனமும் பண்றதுதான்"னான். எந்த மெஷினும் சும்மா நிக்காம வேலைய சமமா பிரிக்கறதுக்குப் பேருதான் அது. என் அசெம்ப்ளர் பக்கத்துல கொஞ்ச நேரம் சும்மா நின்னு பாத்துட்டு "சைக்கிள் டைம் ஒத்துப் போகல பாரு, ரெண்டாவது மெஷின் பாதி நேரம் சும்மா கெடக்கு"ன்னு சொன்னான், மெஷின்ல திறன் சதவீதம் பாத்தா அவன் சொன்னதேதான். ஷிஃப்ட் முடிச்சு அசதியா வந்தாலும் இதுக்கு மட்டும் உக்காருவான். ஏன்டா இங்கயும் அதேதானேன்னு கேட்டதுக்கு, "அங்க மெஷின் மாத்தணும்னா ஓனர்கிட்ட கேக்கணும், இங்க நானே மாத்துவேன்"னான். கலைச்சுப் போட்டா கட்ட ஆன சாமான் முழுசா கைக்குத் திரும்ப வந்துடும், ஒரு பிளேட் கூட நஷ்டம் இல்ல, அதனால எத்தன தடவ வேணும்னாலும் பிரிச்சுக் கட்டலாம். கேம் பண்ணவங்க எடுத்த முடிவுலயே பெரிய முடிவு இதுதான்னு நான் நெனக்கிறேன்.

நிலக்கரி கரண்ட் வர்ற கட்டம்தான் கேமோட முதல் பெரிய பரீட்சை. ஒரு கோல் ஜெனரேட்டர் 75 மெகாவாட், நிமிஷத்துக்கு 15 நிலக்கரியும் 45 கன மீட்டர் தண்ணியும் கேக்கும். ஒரு வாட்டர் எக்ஸ்ட்ராக்டர் 120 தரும், அப்ப 3 எக்ஸ்ட்ராக்டருக்கு 8 ஜெனரேட்டர், 360க்கு 360, அருமையா ஒத்துப் போகுது. ஆனா முதல் மார்க் பைப்ல 300தான் போகும்! பேப்பர்ல கணக்கு சரியா இருந்தும் கடைசி ஜெனரேட்டர் ரெண்டு விக்கி விக்கி ஓடும், பைப்ப ரெண்டு பக்கத்துல இருந்தும் ஊட்டினாதான் சரியாகும். அது போக தண்ணி தானா மேட்டுல ஏறாது, எக்ஸ்ட்ராக்டர் 10 மீட்டர் வரைக்கும்தான் தள்ளும், அதுக்கு மேல பம்ப் வைக்கணும். நம்ம பெங்களூருக்குக் காவேரித் தண்ணி தொரேகாடனஹள்ளில இருந்து கிட்டத்தட்ட 100 கிலோமீட்டர் பைப்ல, சுமார் 500 மீட்டர் உயரம், நடுநடுல பம்பிங் ஸ்டேஷன் வெச்சு ஏத்தித்தான் வருது, படிச்சிருந்தும் எனக்கு அது ஒரு செய்தியாதான் இருந்துச்சு, இந்த கேம்ல ஒரு மேட்டுக்குத் தண்ணி ஏத்தின அப்புறம்தான் குழாயத் தொறக்கும்போது அந்த உழைப்பு மனசுல வருது. இன்னொண்ணு, மைனரும் எக்ஸ்ட்ராக்டரும் அதே கரண்ட்லதான் ஓடுது, லோடு கூடி ஃபியூஸ் போச்சுன்னா நிலக்கரியும் வராது தண்ணியும் வராது, அதனால அதுங்களுக்கு மட்டும் தனியா மூணு பயோமாஸ் பர்னர் (இலை, கட்டை எரிச்சு கரண்ட் எடுக்கற மெஷின்) வெச்சுக்கங்க.

ஓப்பன் வேர்ல்டு பத்தி சொல்லியே ஆகணும். மேப் கம்ப்யூட்டர் கண்டபடி உருட்டினது இல்ல, ஆளுங்க உக்காந்து கையால செஞ்சது, எல்லாருக்கும் ஒரே மேப்தான். பாறை, அருவி, பாலைவனம், சதுப்பு நிலம், எல்லாத்துக்கும் ஒரு குணம் இருக்கு. நல்ல செம்பு மலைக்கு மேல இருக்கும், நிலக்கரி ஏரிக்கு அந்தப் பக்கம் இருக்கும், நெலத்தப் பாத்துத்தான் ஃபேக்டரி எங்க வைக்கலாம்னு யோசிக்கணும். கட்டின பெல்ட் மேலயே ஏறி நின்னுக்கிட்டு போகலாம், அப்புறம் உங்களையே உறிஞ்சி வேகமா கொண்டு போற ஹைப்பர் டியூப், டிரெயின், டிரோன்லாம் வரும். முதல்ல இலை பொறுக்கி பர்னர்ல போட்ட அதே எடத்து மேல கொஞ்ச நாள் கழிச்சு டிரெயின்ல போவீங்க.

இதே மாதிரி ஃபேக்டரி கட்டற ஃபேக்டோரியோவோட ஒப்பிட்டு கேப்பாங்க. செக் நாட்டு வூப் சாஃப்ட்வேரோட அந்த கேம் கணக்குலயும் ஆழத்துலயும் இன்னும் பெருசு, 2024 அக்டோபர்ல வந்த ஸ்பேஸ் ஏஜ்ங்கற கூடுதல் பாகத்தோட சேத்தா இன்னும் எங்கயோ போயிடுச்சு. ஆனா அங்க தாது தீந்துபோகும், பூச்சிங்க வந்து ஃபேக்டரிய கடிக்கும், எப்பவும் ஒரு பதட்டம். சாட்டிஸ்ஃபேக்டரில நோட் தீராது, மிருகங்க உங்களத்தான் கடிக்கும், கட்டினத தொடாது, அதுவும் வேணாம்னா செட்டிங்ஸ்ல அடக்கிடலாம். சிலந்தி பயம் இருக்கறவங்களுக்கு சிலந்திக்குப் பதிலா பூனைப் படம் வர்ற மோடு கூட இருக்கு. ராத்திரி பத்து மணிக்கு மேல ஆடறவனுக்கு அமைதிதான் வேணும், அதனால என் ஓட்டு இதுக்கு.

கொறை இருக்கு. முதல் சில மணி நேரம் இலையும் கட்டையும் பொறுக்கி பர்னருக்கு போட்டே போகும், அங்கயே நெறைய பேர் விட்டுடறாங்க, நிலக்கரி வரைக்கும் பொறுத்துக்கங்க. சண்டை ரொம்ப சாதாரணம். கண்ணு உயரத்துல இருந்து கட்டறதால பெரிய லைன நேரா போட தரை முழுக்க ஃபவுண்டேஷன் பலகை போட்டே ஆகணும், ஒரு தடவ கட்டினத சேமிச்சு அப்படியே மறுபடி வைக்கற ப்ளூபிரிண்ட் வந்த அப்புறம்தான் அந்த கஷ்டம் கொறையுது. டிரெயின் சிக்னல கேம் சரியா சொல்லித் தராது. ஃபேக்டரி பெருசாக பெருசாக பழைய லேப்டாப் திணறும். மழைக்காலத்துல கரண்ட் போற ஏரியால இருந்துக்கிட்டு யுபிஎஸ் இல்லாதவங்க ஆட்டோசேவ் இடைவெளிய கம்மியா வெச்சுக்கங்க.

விலை பத்தி, ஸ்டீம் சேல்ல கொறைச்சுத் தருவாங்க, அவசரம் இல்லன்னா காத்திருந்து வாங்குங்க. ஃபேக்டோரியோ சேல்லயே வராது, ஆனா அதுக்கு ஃப்ரீ டெமோ இருக்கு, இந்த மாதிரி கேமே நமக்கு ஒத்துவருமான்னு சந்தேகம் இருக்கறவங்க அத ஆடிப் பாத்துட்டு இங்க வரலாம். தொடங்கற எடம் நாலுல ஒண்ண எடுக்கச் சொல்லும், புதுசா வர்றவங்க கிராஸ் ஃபீல்ட்ஸ் எடுங்க. முடிஞ்சா ஒரு ஆள கூட சேத்துக்கங்க, நாலு பேர் வரைக்கும் ஆடலாம், கணக்குல சண்ட போட ஆள் இருந்தாதான் சுவாரஸ்யம்.

நாங்க இப்ப அலுமினியத்துல நிக்கிறோம். அலுமினியத் தாதான பாக்சைட்ட கரைக்க ரிஃபைனரிக்கு தண்ணி வேணும், அடுத்த ரிஃபைனரில அலுமினிய ஸ்கிராப் எடுக்கும்போது அதுவே தண்ணிய வெளிய தள்ளும், அந்தத் தண்ணிக்கு போக எடமில்லன்னா மொத்த லைனும் நின்னுடும். கொஞ்சம் தேக்கி வைக்க டேங்க் போடலாம்னு நான் சொன்னேன், டேங்க் ரொம்பினா அப்புறம் என்ன பண்ணுவ, முதல் ரிஃபைனரிக்கே திருப்பி விடணும்னு மாப்ள சொல்றான், அவன் சொல்றதுதான் சரி, சனிக்கிழமை ஷிஃப்ட் முடிச்சு வந்ததும் பைப் போடறோம்.