பாஸ்மதியும் ஜாஸ்மினும்: மணம் ஒன்று, வம்சம் இரண்டு

பாஸ்மதியையும் தாய்லாந்தின் ஜாஸ்மின் அரிசியையும் அடுத்தடுத்த அடுப்பில் வேகவைத்தால், இரண்டிலும் முன்னால் நிற்பது ஒரே வாசனைதான். 2-அசிட்டைல்-1-பைரோலின் என்ற சேர்மம் அது. இலங்கைச் சமையலின் ரம்பை இலை மணப்பதும் இதனால்தான்.

இந்த மணமே ஒரு பழுதிலிருந்து வருகிறது என்பது எனக்கு இன்றும் தீராத வியப்பு. நெல்லின் 8ஆம் குரோமோசோமில் பிஏடிஎச்2 என்ற மரபணு உண்டு. அது ஒழுங்காக இயங்கினால், மணத்துக்கான மூலப்பொருளை வேறொன்றாக மாற்றிவிடும். இந்த இரண்டு ரகங்களிலும் அந்த மரபணுவில் 8 டிஎன்ஏ எழுத்துகள் விடுபட்டிருக்கின்றன. மாற்றும் வேலையைச் செய்ய அந்த மரபணு உருவாக்கும் நொதி முழுதாக உருவாகாததால் மூலப்பொருள் தேங்கி வாசனையாகிறது. ஒடுங்கு பண்பு என்பதால் தாய், தந்தை இரு பக்கமிருந்தும் இந்தப் பழுது வர வேண்டும். மணமில்லாத நெல்லோடு கலப்பு செய்தால் முதல் தலைமுறைச் செடியில் மணம் மறைந்துவிடும்.

சரி, வித்தியாசம் எங்கே? ஆசிய நெல்லில் இண்டிகா, ஜப்பானிக்கா என்று இரண்டு பெரிய பிரிவுகள் உண்டு. ஜாஸ்மின் இண்டிகா வகை. பாஸ்மதியோ மரபணு அளவில் ஜப்பானிக்காவுக்கு நெருக்கம். அப்படியும் பழுது அச்சு அசலாக ஒன்றே. எங்கோ ஒருமுறை தோன்றியதை, மணத்துக்காகவே உழவர்கள் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றியிருக்கிறார்கள்.

அப்புறம், அமைலோஸ் என்ற மாவுச்சத்து குறைந்த ஜாஸ்மின் குழைவாக வேகும். பாஸ்மதி நீண்டு உதிரியாக நிற்கும். பிரியாணிக்கு நான் பாஸ்மதியைத்தான் எடுப்பேன், அதுவும் பழைய அரிசியாக. ஜாஸ்மின் என்றால் புது அறுவடையாகப் பார்த்து வாங்குங்கள்; நாளாக ஆக மணம் குறையும்.