கலை மேலாண்மைப் பட்டம்: 19 ஆயிரம் பவுண்டுக்கு என்ன கிடைத்தது?

சித்தி மகள் போன வாரம் லண்டன் பல்கலைக்கழகம் ஒன்றின் கலை மேலாண்மைப் படிப்பு விளம்பரத்தை அனுப்பி, "அக்கா, நீ படித்தது இதுதானே? எப்படி இருந்தது?" என்று கேட்டாள். மிக்ஸி வாங்கினால்கூட ஆறு மாதம் கழித்து நாலு வரி எழுதிப் போடுகிறோம். கும்பகோணத்து வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைத்து வாங்கிய பட்டத்துக்கு எழுதாமல் விட்டால் எப்படி? பல்கலைக்கழகத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. இந்தப் படிப்பை நடத்துகிற மற்ற இடங்களில் படித்த தோழிகளிடமும் கேட்டேன். கதை பெரிதாக மாறவில்லை.

2021 செப்டம்பரில் சேர்ந்தேன். அரங்கு, விழா, அருங்காட்சியகம் போன்றவற்றை நடத்தக் கற்றுத்தரும் ஓராண்டுப் படிப்பு. கட்டணம் 19 ஆயிரம் பவுண்டு; அன்று ஒரு பவுண்டு ஏறக்குறைய நூறு ரூபாய். அது போக, லண்டனில் தங்கும் செலவுக்கு மாதம் 1,334 பவுண்டு வீதம் ஒன்பது மாதத்துக்கான பணம், 28 நாள் வங்கிக் கணக்கில் குறையாமல் இருந்ததாக விசாவுக்குக் காட்ட வேண்டும். அந்த 28 நாளும் அப்பா ஏ.டி.எம். இருந்த தெருப் பக்கமே போகவில்லை.

கையேட்டின் அட்டையில் வெள்ளைச் சுவருக்கு முன்னால் ஒரு பெண் கைகட்டி நின்று ஓவியம் பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே, படித்தவர்கள் என்ன ஆகலாம் என்று ஒரு பட்டியல்: விழா இயக்குநர், கண்காட்சிகளைத் தேர்ந்து அமைக்கும் க்யூரேட்டர், கலாசாரக் கொள்கை ஆலோசகர். எங்கள் வகுப்பில் 27 பேர். அந்தப் பட்டியலில் இருக்கும் பதவியில் இன்று உட்கார்ந்திருப்பவள் எனக்குத் தெரிந்து ஒருத்திதான், ஷாங்காயில் ஒரு தனியார் அருங்காட்சியகத்தில். படிக்க வருவதற்கு முன்பே அவள் அங்கேதான் வேலை பார்த்தாள்.

கலாசாரக் கொள்கை வகுப்புகள் சுமார். 1946-ல், கலைக்கு அரசுப் பணத்தைப் பங்கிடும் பிரிட்டனின் கலைக் கவுன்சில் உருவானது, அதற்கு வித்திட்டவர் பொருளாதார அறிஞர் கெய்ன்ஸ், அரசு பணம் தரும் ஆனால் மேடையில் கை வைக்காது என்ற ஏற்பாடு: இதையெல்லாம் நூலகத்தில் உட்கார்ந்தே படித்துக்கொள்ளலாம். ஒன்று மட்டும் மனதில் தைத்தது. பாமல், போவன் என்ற இரண்டு அமெரிக்கப் பொருளாதார அறிஞர்கள் 1966-ல் சொன்ன விஷயம். ஆலையில் இயந்திரம் வந்தால் பத்துப் பேர் வேலையை இரண்டு பேர் செய்வார்கள். நால்வர் வாசிக்கும் இசைக்கு நூறு ஆண்டு கழித்தும் நால்வர்தான் வேண்டும். ஊரில் கூலி ஏற ஏற, கச்சேரிச் செலவும் ஏறிக்கொண்டே இருக்கும். எனக்கு உடனே சபா மேடை கண்முன் வந்தது. ராகம் தானம் பல்லவியை வேகமாகப் பாடி உற்பத்தியைப் பெருக்க முடியுமா என்ன?

கொடுத்த பணத்துக்கு நியாயம் செய்தது நிதி வகுப்பு. நடத்தியவர் இருபது ஆண்டு தியேட்டர் மேலாளராக இருந்தவர். முதல் நாளே ஒரு கணக்கைக் கொடுத்தார்: 200 இருக்கை, வாரம் எட்டுக் காட்சி, நான்கு வாரம். மொத்தம் 6,400 இருக்கை. நாங்கள் எல்லோரும் அதை டிக்கெட் விலையால் பெருக்கி, பெருமையாகத் தாளை நீட்டினோம். அவர் தாளைப் பார்க்கவே இல்லை. "செவ்வாய்க்கிழமை மழையில் யார் வருகிறார்கள்?" என்று கேட்டார். அறுபது சதவீதம் என்று வை என்றார், 3,840 ஆனது. 18 பவுண்டு டிக்கெட்டில் 20 சதவீத வரி உள்ளடக்கம், ஆகவே கையில் 15. கடைசியில் நின்றது 57,600 பவுண்டு. இப்போது நடிகர் சம்பளத்தை எழுது என்றார். வகுப்பில் யாரும் பேசவில்லை. இன்றைக்கும் எந்த நிகழ்ச்சியாக இருந்தாலும் அறுபதில்தான் கணக்கைத் தொடங்குகிறேன்.

இன்னொரு பாடம் பாடத்திட்டத்தில் இல்லாதது. மாணவர் விசாவில் வகுப்பு நடக்கும் வாரங்களில் 20 மணி நேரம் வேலை பார்க்கலாம். ஒரு தியேட்டரில் பார்வையாளர்களுக்கு இருக்கை காட்டும் வேலை கிடைத்தது. இடைவேளையில் கழுத்தில் தட்டை மாட்டிக்கொண்டு ஐஸ்கிரீம் விற்க வேண்டும். சின்னச் சின்ன டப்பா, மூடிக்குள்ளேயே கரண்டி. இருபது நிமிடத்தில் தட்டு காலியாக வேண்டும். ஆட்கள் ஓடி வந்து வாங்கினால் முதல் பாதி நன்றாக இருந்தது என்று அர்த்தம். கோட் மாட்டிக்கொண்டு வாசலைப் பார்த்தால் நாளைக்கு டிக்கெட் கஷ்டம். பார்வையாளரைப் பற்றி எழுதிய ஆய்வேட்டுக்கு அந்தத் தட்டுதான் மூலாதாரம். பேராசிரியரிடம் அப்படிச் சொல்லிக்கொள்ளவில்லை.

குறைகள் உண்டு. தொழிற்பயிற்சி உறுதி என்றார்கள். சேர்ந்த பிறகு, இடத்தை நீங்களே தேடிக்கொள்ளுங்கள் என்றார்கள். முப்பதுக்கும் மேல் மின்னஞ்சல் அனுப்பி, ஒரு சிறிய தியேட்டரில் நானே பிடித்தேன். வேலைவாய்ப்பு ஆலோசனைக்கு இருபது நிமிடம் ஒதுக்கினார்கள். அதில் பதினைந்து நிமிடம் என் விண்ணப்பத்தின் எழுத்துருவை மாற்றச் சொல்வதில் போனது. விசா பற்றிக் கேட்டதற்கு, அது வேறு அலுவலகம் என்றார்கள்.

படிப்பு முடிந்து வேலை தேடிய நேரமும் சரியில்லை. 2022 நவம்பர் 4 அன்று இங்கிலாந்துக் கலைக் கவுன்சில் அடுத்த மூன்றாண்டுக்கு யார் யாருக்கு நிதி என்ற பட்டியலை வெளியிட்டது. இங்கிலீஷ் நேஷனல் ஆப்பரா என்ற பெரிய இசைநாடக நிறுவனம் பட்டியலிலிருந்து வெளியேற்றப்பட்டது. டான்மர் வேர்ஹவுஸ், ஹாம்ப்ஸ்டெட் தியேட்டர் போன்ற லண்டன் அரங்குகளும் நிதியை இழந்தன. நான் விண்ணப்பித்திருந்த இரண்டு இடங்களில் அந்த வாரமே ஆள் எடுப்பதை நிறுத்திவிட்டார்கள்.

அப்போதும் ஆள் தேவைப்பட்ட ஒரே பிரிவு நிதி திரட்டல்தான். அங்கே அதற்கு 'டெவலப்மென்ட்' என்று நாசூக்கான பெயர். இந்தப் படிப்பு முடித்தவர்களுக்கு நிஜமாகத் திறக்கும் கதவு இது. அறக்கட்டளைகளுக்கு விண்ணப்பம் எழுதுவது, உறுப்பினர்களுக்குக் கடிதம், தியேட்டருக்கு உயில் எழுதிவைக்க நினைக்கும் முதியவர்களுக்குத் தேநீர் விருந்து. நான் பயிற்சி பெற்ற தியேட்டரிலேயே சேர்ந்தேன். 2024-ல் ஆண்டுச் சம்பளம் 28,500 பவுண்டு. படிப்புக்குப் பின் தங்கும் இரண்டாண்டு விசாவுக்கு 715 பவுண்டும், மருத்துவக் கூடுதல் கட்டணமாக 1,248 பவுண்டும் கட்டியிருந்தேன். 2024 ஏப்ரலில் அரசு, வேலை விசாவுக்கான குறைந்தபட்சச் சம்பளத்தை 26,200-லிருந்து 38,700 பவுண்டாக உயர்த்தியது. புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கான சலுகைக் கணக்கிலும் 30,960. என் சம்பளம் அதற்கும் 2,460 பவுண்டு குறைவு. மேலாளர் நல்ல மனுஷி. கண் கலங்கினார், கேக் வெட்டினார். சம்பளத்தைக் கூட்ட அவரிடம் பணம் இல்லை.

சென்னை திரும்பியதும் ஒரு சபாச் செயலாளரைப் பார்க்கப் போனேன். ஓய்வுபெற்ற தணிக்கையாளர், அப்பாவுக்குத் தெரிந்தவர், அதனால் மாமா. சான்றிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கலை மேலாண்மையா? நாற்பது வருடமாக இதைச் சம்பளம் வாங்காமல் செய்துகொண்டிருக்கிறேனே அம்மா" என்றார். பிறகு மேசையிலிருந்து ஒரு நீள நோட்டை எடுத்துக் காட்டினார். உறுப்பினர் பெயர், இருக்கை எண், பக்கத்தில் பென்சில் குறிப்பு: 'முழங்கால் அறுவை, ஓர இருக்கை மட்டும்.' 'இவருக்கும் 22-க்கும் பேச்சுவார்த்தை இல்லை.' லண்டனில் இதே வேலைக்கு டெசிட்டுரா என்ற மென்பொருளைப் பழகினேன். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் ஆப்பரா தனக்காக உருவாக்கியது. மாமாவின் நோட்டு அதற்குக் கொஞ்சமும் இளைத்ததில்லை. மின்வெட்டிலும் திறக்கும் என்பது உபரி.

வேலை என்று ஒன்று சபாவில் இல்லை. எல்லாம் கௌரவப் பதவி. எனக்குப் பிழைப்பு கிடைத்தது வேறு வாசலில். 2013-ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டப்படி குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். அந்தப் பட்டியலில் கலையும் பண்பாடும் உண்டு. விண்ணப்பம் எழுதத் தெரிந்த ஆள் நடனக் குழுக்களிடம் இல்லை. இப்போது இரண்டு குழுக்களுக்கு ஒப்பந்த அடிப்படையில் எழுதிக் கொடுக்கிறேன், நிகழ்ச்சிக் கணக்கையும் பார்க்கிறேன். நன்கொடை தருகிறவருக்கு வரிச்சலுகை தரும் 80ஜி, வெளிநாட்டு நன்கொடைச் சட்டம், 500 ரூபாய் வரையிலான நடன, நாடக டிக்கெட்டுக்கு ஜி.எஸ்.டி. விலக்கு, எல்லாம் மாமாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டவை.

ஐந்துக்கு மூன்று நட்சத்திரம். நிதி வகுப்புக்கு மட்டும் என்றால் ஐந்தும் தருவேன். வேலைவாய்ப்பு அலுவலகத்துக்கு எழுத்துருவுக்காக அரை. இரண்டு மூன்று ஆண்டு ஏதாவது ஓர் அரங்கிலோ விழாவிலோ வேலை பார்த்தவர்கள், திரும்பி வந்தால் சேர ஊரில் வேலை வைத்திருப்பவர்கள், தாராளமாகப் போகலாம். கல்லூரி முடித்த கையோடு கடன் வாங்கிப் போகிறவர்கள், என்னைப் போல, கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு விமானம் ஏறட்டும். என் கடனில் இன்னும் 38 தவணை பாக்கி.

சித்தி மகளிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: டிக்கெட் கவுண்டரில் எப்போதாவது உட்கார்ந்திருக்கிறாயா? இல்லை என்றாள். மார்கழிக்குக் கவுண்டரில் ஆள் வேண்டும் என்று மாமா சொல்லிக்கொண்டிருந்தார். அவருடைய எண்ணை அனுப்பினேன். இன்னும் அவள் கூப்பிடவில்லையாம்.