பாட்டில் ஃபீடர்: மூன்று ஹூஸ்டன் கோடைக்குப் பிறகு

புது வாஷர் போட்டாயிற்று. இன்னும் மத்தியானம் இரண்டு மணிக்குச் சொட்டுகிறது. ஹம்மிங்பேர்டு என்ற குட்டிப் பறவை குடிக்கத் தொங்கவிடும் கண்ணாடி பாட்டில் ஃபீடரில் தீராத வழக்கு இது ஒன்றுதான்.

குறை எங்கே என்று கண்டுபிடிப்பது சுலபம். சர்க்கரைப் பாகை நிரப்பிக் கவிழ்த்து, பத்து நிமிஷம் சிங்க் மேல் தொங்கவிடுங்கள். அங்கேயே விடாமல் சொட்டினால், பாட்டிலுக்கும் அடித்தட்டுக்கும் நடுவில் உள்ள ரப்பர் வாஷர் போய்விட்டது. காலையில் சும்மா இருந்துவிட்டு வெயில் ஏறியதும் சொட்டினால் வாஷர் மேல் பழி போடாதீர்கள். கவிழ்த்த பாட்டிலில் பாகுக்கு மேலே மாட்டிக்கொண்ட காற்றின் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைவு; அதனால்தான் பாகு கொட்டாமல் நிற்கிறது. வெயிலில் அந்தக் காற்று விரிந்து பாகைத் துளை வழியே பிதுக்கித் தள்ளும். காற்று அதிகமென்றால் ஒழுகலும் அதிகம். ஆக, சிக்கனமாக அரை பாட்டில் ஊற்றினால் இன்னும் மோசம். முழுசாக ஊற்றினாலோ, ஆகஸ்ட் சூட்டில் இரண்டு நாளைக்கொரு தரம் மாற்றியே ஆகவேண்டும், முக்கால்வாசி சாக்கடைக்குத்தான். மூன்று கிராம் பறவை எவ்வளவு குடித்துவிடும்?

சொட்டிய இடத்துக்கு முதலில் எறும்பு, அடுத்து குளவி. கொக்கிக்கு மேலே தண்ணீர்க் கிண்ணம் மாட்டினால் எறும்பு நிற்கும். கம்பியில் எண்ணெய் மட்டும் தடவாதீர்கள், இறகில் ஒட்டினால் போகாது. துளையைச் சுற்றியுள்ள மஞ்சள் பிளாஸ்டிக் பூ குளவிக்கு வெற்றிலை பாக்கு வைத்த மாதிரி, பிடுங்கிவிடலாம்.

பாகு தெரிந்ததுதான்: 1 பங்கு வெள்ளைச் சர்க்கரை, 4 பங்கு தண்ணீர். தேனும் நாட்டுச்சர்க்கரையும் சிவப்புச் சாயமும் வேண்டாம்.

கண்ணாடியைக் குறை சொல்ல முடியாது. வெந்நீரும் பிரஷ்ஷும் எத்தனை முறை பட்டாலும் கீறல் இல்லை. கறுப்புப் பூஞ்சை துளைகளில்தான் வருகிறது, பாட்டிலில் இல்லை. அந்தரத்தில் நின்றே குடிக்கக்கூடிய பறவை, உட்கார வளையம் இருந்தால் சாவகாசமாக உட்கார்ந்து நாக்கை விடும். சட்டென்று ஒரு குமிழி பாகுக்குள் குடுகுடுவென்று மேலேறும். தட்டு ஃபீடரில் இந்தக் குமிழி கிடையாது. ஆனால் அதில் துளை மேலே, பாகு கீழே. ஒழுக வழியே இல்லை, கழுவுவதும் ஒரு நிமிஷ வேலை.

குமிழிக்கும் கண்ணாடிக்கும் சேர்த்து நாலு நட்சத்திரம் தகும். தரையில் இப்போது எறும்பு வரிசை போகிறது. ஒன்றுதான்.