மேய்ச்சல் தரையில் சோலார் பூங்கா: தாழ்ந்த பனலா, உயர்ந்த பனலா?

திருகோணமலை மாவட்டத்துச் சம்பூரின் நிலக்கரி மின்நிலையத் திட்டம் 2016இல் கைவிடப்பட்டு, அங்கே சூரிய மின்சாரத்துக்கு வழி திறந்தது நல்ல விஷயம். ஆனால் சோலார் பூங்காவும் நிலம் கேட்கும்: 1 மெகாவாட்டுக்கு ஏறத்தாழ 4, 5 ஏக்கர். அதனால் திருகோணமலையில் பனலை (வெயிலை மின்சாரமாக்கும் தகட்டை) தரைக்குக் கிட்டத் தாழ்வாக நடுகிறார்களா, தூணில் உயர்த்தி நடுகிறார்களா என்பது முக்கியம்.

செலவு: தாழ்ந்த பனலுக்குக் குறைவு. உயர்த்தினால் இரும்பும் கொங்கிறீட்டும் கூடும்.

காற்று: தாழ்ந்தது தாங்கும். உயர்ந்ததற்கு அத்திவாரம் ஆழமாக வேண்டும்; 1964 சூறாவளி அடித்த கரை இது.

கழுவுதல்: தாழ்ந்தது சுலபம். உயர்ந்ததற்கு ஏணி வேண்டும், ஆனால் கழுவிய தண்ணீர் கீழே பயிருக்குப் போகும். கச்சான் என்ற வறண்ட காற்று வீசும் காலத்தில் தூசும் கூட, கிணற்றுத் தண்ணீரும் குறைவு என்பதால் இது சின்ன விஷயம் இல்லை.

நிலம்: பெரிய வித்தியாசம் இங்கேதான். தாழ்ந்த பனலைச் சுற்றி வேலி அடைத்தால் மேய்ச்சல் தரை போய்விடும். மூதூர்ப் பக்கம் மாட்டுப்பட்டி வைத்திருப்பவர் எங்கே போவார்? 2006இல் போரால் இடம்பெயர்ந்து, பல வருடம் காத்திருந்து காணிக்குத் திரும்பிய சனத்திடம் இன்னொரு வேலியைக் காட்டக்கூடாது. இரண்டு, மூன்று மீற்றர் உயர்த்தினால் மாடு கீழே மேயும். மஞ்சளும் இஞ்சியும் அரை நிழலில் வளரும். நெல்லுக்கு அந்த வெயில் போதாது, அதனால் வயலைத் தொடவே வேண்டாம்.

தொழிற்சாலை வளாகம், பயிரும் மேய்ச்சலும் இல்லாத தரிசு என்றால் தாழ்ந்த பனல் சரி. மேய்ச்சல் தரை, மேட்டுப் பயிர் நிலம் என்றால் உயர்ந்ததுதான். கூடுதல் செலவைக் கம்பனி ஏற்க வேண்டும். மேய்ச்சல் உரிமையை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள்.