கொளத்தூர் ‘ரெண்டடி செட்’: கண்ணாடியை வாங்குங்கள், கல்லை விட்டுவிடுங்கள்

வட சென்னையில் ஒருவருக்கு வீட்டில் மீன் வளர்க்க ஆசை வந்தால் கால்கள் தாமாகவே கொளத்தூர் பக்கம் திரும்பும். வில்லிவாக்கத்திலிருந்து போனாலும் ரெட்டேரி சிக்னலிலிருந்து போனாலும் மீன் கடைகள் கண்ணில் படாமல் இருக்காது. மாடியில் சிமென்ட் தொட்டி கட்டிக் குஞ்சு எடுக்கும் குடும்பங்களும் அங்கேயே இருக்கின்றன. புதிதாகப் போகிறவர் கையில் கடைக்காரர் முதலில் ஏற்றிவிடுவது ‘ரெண்டடி செட்’டைத்தான். கண்ணாடித் தொட்டி, லைட் வைத்த பிளாஸ்டிக் கவர், டாப் ஃபில்டர், ஐந்து கிலோ கலர் கல், பிளாஸ்டிக் செடி, பின்னால் ஒட்டப் பவழப்பாறைப் படம் எல்லாம் அதில் அடக்கம். எட்டுப் பத்து மீன் இலவசம் என்றும் சில இடத்தில் சொல்வார்கள்.

கண்ணாடியை மட்டும் தயங்காமல் வாங்கலாம். மற்றதையெல்லாம் தனித்தனியாக விலை கேளுங்கள். ‘செட்டை உடைக்க மாட்டோம்’ என்றால் பக்கத்துக் கடைக்கு நடையைக் கட்டுங்கள். அங்கே பக்கத்துக் கடைக்கா பஞ்சம்?

தொட்டியின் அளவு 24 அங்குல நீளம், 12 அகலம், 12 உயரம். கணக்குப்படி 56 லிட்டர் பிடிக்கும். கல் போட்டு, மேலே ஒன்றரை அங்குலம் காலியாக விட்டால் நிற்கும் தண்ணீர் சுமார் 44 லிட்டர். மருந்து போடுவதோ உப்பு போடுவதோ இந்த 44-ஐ வைத்துத்தான், 56-ஐ வைத்து அல்ல. கண்ணாடி 5 மி.மீ. கனமாக இருக்க வேண்டும். விலையைக் குறைத்துச் சொன்னால் 4 மி.மீ. கண்ணாடியாக இருக்கலாம், ஸ்கேல் வைத்தே பார்த்துவிடுங்கள். மூலைகளில் சிலிக்கான் கோட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். உள்ளே நீளமான காற்றுக்குமிழி தெரிந்தால் அந்தத் தொட்டி வேண்டாம். வினிகர் நெடி இன்னும் அடித்தால் ஒட்டி இரண்டு நாள்கூட ஆகவில்லை என்று அர்த்தம்.

வீட்டுக்கு வந்ததும் மொட்டை மாடியிலோ பால்கனியிலோ தண்ணீர் நிரப்பி ஒரு நாள் முழுக்க வைத்துக் கசிவு பார்க்க வேண்டும். பிறகு இடத்தில் வைக்கும்போது அடியில் அரை அங்குலத் தெர்மோகோல் கட்டாயம். கம்பி ஸ்டாண்டில் வெல்டிங் மேடு ஒன்று துருத்தியிருந்தால் மொத்தப் பாரமும் அந்தப் புள்ளியில் இறங்கி அடிக்கண்ணாடி விரிந்துவிடும். எல்லாம் சேர்ந்து 65 முதல் 70 கிலோ வரை போகும். டி.வி. ஸ்டாண்டை நம்ப வேண்டாம்.

கவர்தான் செட்டிலேயே மோசமான சாமான். சித்திரை, வைகாசியில் நம் ஊர் வீட்டுக்குள் தண்ணீர் 31, 32 டிகிரிக்கு ஏறும். சூடு ஏற ஏறத் தண்ணீரில் கரையும் ஆக்சிஜன் குறையும். அந்த நேரத்தில் மேலே மூடி போட்டால் ஆவியாகிக் குளிரும் வழியும் அடைபடுகிறது. கவருக்குப் பதில் கொசுவலை மரச்சட்டம் ஒன்று போதும். மீன் துள்ளி விழாது, காற்றும் போகும். வெயில் உக்கிரமான நாளில் ஒரு சின்ன ஃபேனை நீர்ப்பரப்பின் மேல் சாய்த்து வைத்தால் இரண்டு டிகிரி வரை இறங்கும். சென்னைப் புழுக்கத்தில் அதற்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது. ஹீட்டரையும் தலையில் கட்டப் பார்ப்பார்கள். கப்பி, மோலி போன்ற சின்ன மீனுக்கு அது இங்கே மார்கழியில்கூடத் தேவையில்லை.

கவரில் இருக்கும் நீல லைட்டில் மீன் மினுங்கும், செடி வளராது. 6500 கெல்வின் வெள்ளை எல்.இ.டி., 10 முதல் 12 வாட், தினம் ஆறு மணி நேரம். அதற்கு மேல் எரித்தால் கண்ணாடி முழுக்கப் பச்சைப் பாசி படியும்.

கலர் கல் பெயின்ட் அடித்த கல். மாதக்கணக்கில் நீரில் கிடந்தால் சாயம் உரியும். வெள்ளைப் பளிங்குச் சில்லும் சிப்பியும் வேறு விதமான தொல்லை. அவை கரைந்து, ஏற்கெனவே கடினமான போர் தண்ணீரை இன்னும் கடினமாக்கும். எந்தக் கல்லானாலும் இரண்டு சொட்டு வினிகர் விட்டுப் பாருங்கள். நுரைத்தால் சுண்ணாம்புக் கல், திருப்பிக் கொடுங்கள். காசிமேட்டுப் பக்கம் மணல் சும்மா கிடைக்கிறதே என்று அள்ளி வருவதும் ஆகாது, உப்பும் சிப்பித்தூளும் சேர்ந்தே வரும். 2 முதல் 3 மி.மீ. ஆற்றுக் கூழாங்கல் 13, 14 கிலோ வாங்குங்கள். செடிக்கு இரண்டு அங்குலப் படுகை வேண்டும், செட்டில் தரும் ஐந்து கிலோ தரையை மறைக்கவே போதாது. கழுவிய தண்ணீர் தெளிவாக வரும்வரை கழுவ வேண்டும். பொறுமை இல்லாதவர் தொட்டி ஒரு வாரம் டீ நிறத்தில் நிற்கும்.

டாப் ஃபில்டரைக் கண்ணை மூடிக்கொண்டு திட்ட முடியாது. அழுக்கை நன்றாக இழுக்கும், தண்ணீர் விழும் வேகத்தில் காற்றும் கலக்கும். குறை அதன் உள்ளே இருக்கும் வெள்ளைப் பஞ்சில். மீன் கழிவிலிருந்து வரும் அமோனியாவை முதலில் நைட்ரைட்டாகவும் பிறகு அவ்வளவு கேடில்லாத நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் அந்தப் பஞ்சில்தான் குடியிருக்கும். அழுக்காகிவிட்டது என்று பஞ்சைத் தூக்கி எறிந்தாலோ குழாயில் அலசினாலோ குடியிருப்பே போய்விடும், குளோரின் மிச்சம் வைக்காது. பஞ்சுக்குக் கீழே பாக்டீரியா ஒட்டிக்கொள்ளும் செராமிக் ரிங் ஒரு கைப்பிடி போட்டு, அலசுவதைத் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே செய்தால் இந்த ஃபில்டர் தேறும்.

இருந்தாலும் இந்த அளவுத் தொட்டிக்கு எங்கள் ஓட்டு, காற்றுக்குமிழியால் பஞ்சு வழியே தண்ணீரை இழுக்கும் ஸ்பாஞ்ச் ஃபில்டருக்கே. குஞ்சை உறிஞ்சாது, கெட்டுப்போக உள்ளே ஒன்றும் இல்லை. அதை ஓட்டும் ஏர் பம்ப்பை நீர்மட்டத்துக்கு மேலே மாட்டுங்கள், இல்லையென்றால் டியூப்பில் ஒருவழி வால்வு போடுங்கள். கரன்ட் போனதும் தண்ணீர் டியூப் வழியாகத் திரும்பி இறங்கும். பம்ப்பும் போகும், தரையும் நனையும். பேட்டரியில் ஓடும் பம்ப் ஒன்றையும் சேர்த்து வாங்கிவிடுங்கள். வெயில் காலத்தில் மணிக்கணக்கில் கரன்ட் போனால் ஃபில்டர் பாக்டீரியாவுக்கும் மூச்சு முட்டும்.

‘தண்ணி செட் ஆயிடும் சார், நாளைக்கே மீன் விடுங்க’ என்பது கொளத்தூரின் தேசிய கீதம். செட் ஆகும், அதாவது ஃபில்டரில் பாக்டீரியா குடியேறும், ஆனால் நான்கு முதல் ஆறு வாரத்தில். அதைக் குறைக்க ஒரு வழி உண்டு. கடையில் மாதக்கணக்காக ஓடும் தொட்டியிலிருந்து பழைய ஸ்பாஞ்ச் ஒன்றைக் கேட்டு, ஈரம் காயாமல் கொண்டுவந்து, புது ஸ்பாஞ்சோடு சேர்த்து ஓட விடுங்கள். தராத கடைக்காரர் குறைவு. கேட்கிறவர்தான் குறைவு. நோயுள்ள தொட்டியிலிருந்து மட்டும் எடுக்க வேண்டாம். மீனை மூன்று நான்கு என்று தொடங்கி, அமோனியா டெஸ்ட் சொட்டு மருந்தில் பூஜ்யம் காட்டிய பிறகு மிச்சத்தைச் சேர்க்கலாம்.

நம் பக்கம் தண்ணீர் ஒரே மாதிரி வருவதில்லை. புழல் ஏரித் தண்ணீர், கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையின் தண்ணீர், லாரித் தண்ணீர், வீட்டு போர் என்று ஒவ்வொன்றும் ஒரு குணம். தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பி.எச். 7-லிருந்து 8-க்கு ஏறினால் அதே அளவு அமோனியாவில் நச்சாக மாறும் பங்கு ஏறக்குறைய பத்து மடங்கு ஆகும். அதனால்தான் மெட்ரோ வாட்டரில் நன்றாக இருந்த மீன், பி.எச். கூடிய போர் தண்ணீர் பாதி மாற்றிய அன்று இரவே மேலே வந்து வாயைத் திறக்கிறது. வாரம் 11 லிட்டர் மாற்றினால் போதும், 15 லிட்டர் பிளாஸ்டிக் குடத்தில் முக்கால். முதல் நாளே பிடித்துத் திறந்து வைத்துவிட்டால் குளோரின் பறந்துவிடும். அவசரம் என்றால் ஆன்டி குளோரின் சொட்டு. ஆர்.ஓ. தண்ணீரை மட்டும் ஊற்றி வளர்ப்பது கப்பிக்குப் பட்டினி போடுவது மாதிரி, அதில் தாது உப்பு இருக்காது.

மீனில் கொளத்தூரை அடித்துக்கொள்ள ஆளில்லை. உள்ளூரிலேயே குஞ்சு எடுத்த கப்பி, மோலி, பிளாட்டி நம் கடினத் தண்ணீருக்குப் பிறந்தவை மாதிரி. 44 லிட்டருக்கு ஆண் கப்பி எட்டு, அல்லது பிளாட்டி ஐந்து. பெண் கப்பி ஒன்று சேர்ந்தாலும் மாதத்துக்கு ஒருமுறை குட்டி போடும், முன்பே ஆணோடு சேர்ந்திருந்தால் பிறகு ஆண் இல்லாமலே பல மாதம் போடும். நியான் டெட்ரா மென்மையான, குளிர்ந்த தண்ணீர் கேட்கும், மே மாதம் தாண்டுவது கஷ்டம். கோல்டு ஃபிஷ்ஷுக்கு இந்தத் தொட்டி சிறியது. ‘பாசி தின்னும்’ என்று தரும் சக்கர் ஒன்றரை அடி வளரும். பிறகு அதை ரெட்டேரியில் கொண்டுபோய் விடுவார்கள், அங்கே அது நாட்டு மீனின் இடத்தைப் பிடிக்கும். இலவசமானாலும் வேண்டாம். ரோஸ், நீலம் என்று இருக்கும் விடோ டெட்ரா பல இடத்தில் சாயம் ஏற்றியது, அது சில மாதத்தில் வெளுக்கும்.

செடியில் வாலிஸ்நேரியாவும் ஹார்ன்வோர்ட்டும் கடினத் தண்ணீரில் தயங்காமல் வளரும். அனூபியாஸ் வாங்கினால் அதன் தடித்த கிழங்குத் தண்டைக் கல்லுக்குள் புதைக்காமல், நூலால் ஒரு கல்லில் கட்டுங்கள். புதைத்தால் அழுகும். கிரிப்டோகோரைன் வந்த வாரமே இலையெல்லாம் கரைந்து போகும். பிடுங்கி எறியாதீர்கள், வேரிலிருந்து திரும்பத் துளிர்க்கும்.

கடையில் மீன் லோடு எந்தக் கிழமை இறங்குகிறது என்று கேட்டு, அதற்கு நான்கு நாள் கழித்துப் போங்கள். லோடில் அடிபட்டது அதற்குள் செத்திருக்கும், வெள்ளைப்புள்ளி நோய் இருந்தால் வெளியே தெரிந்திருக்கும். துடுப்பை ஒடுக்கிக்கொண்டு மூலையில் நிற்கும் மீன் ஒன்று இருந்தாலும் அந்தத் தொட்டியிலிருந்து எதையும் எடுக்க வேண்டாம். வாங்கிய பையைத் தொட்டியில் 15 நிமிடம் மிதக்கவிட்டு, மீனை மட்டும் வலையில் அள்ளி விடுங்கள். பைத் தண்ணீர் சாக்கடைக்கு.