துபாயில் முதல் ஸ்கைடைவிங்: ஒரு நிமிடத்துக்கு ஐம்பதாயிரம் ரூபாய் தகுமா?

திருவனந்தபுரத்தில் ஏறினால் நாலு மணி நேரத்தில் துபாய். குளச்சல், மார்த்தாண்டம் பக்கம் வளைகுடாவில் சொந்தக்காரர் இல்லாத வீடு குறைவு. மச்சானைப் பார்க்கப் போகிறவர்கள் இப்போது புர்ஜ் கலீபாவோடு ஸ்கைடைவிங்கையும், அதாவது விமானத்திலிருந்து பாராசூட்டோடு குதிப்பதையும், சேர்த்துக் கேட்கிறார்கள். அங்கே பலரும் போவது ஸ்கைடைவ் துபாய் என்ற நிறுவனத்துக்கு. அவர்களுக்கு இரண்டு தளங்கள்: மரீனா அருகே பாம் ஜுமேராவைப் பார்த்தபடி ஒன்று, அல் ஐன் சாலையில் மார்கம் பாலைவனத்தில் ஒன்று. படங்களில் பார்க்கும் பனைமரத் தீவு முதலாவதில்தான் தெரியும். இந்தப் பாம் தளத்தில் கட்டணம் 2,000 திர்ஹாமைத் தாண்டும். நம் கணக்கில் ஐம்பதாயிரம் ரூபாயை ஒட்டி வரும். தனியாகக் குதிக்கும் கேமராக்காரர் எடுக்கும் வீடியோவும் படங்களும் அதில் அடக்கம். வேறு நாடுகளில் பல இடங்களில் வீடியோவுக்குத் தனிக் காசு, விலையை ஒப்பிடும்போது இதை மறக்கக் கூடாது.

முதல் முறை என்றால் டேன்டெம்தான், அதாவது பயிற்றுநரின் நெஞ்சோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு குதிப்பது. வயது 18 ஆகியிருக்க வேண்டும். எடை ஆணுக்கு 100 கிலோ, பெண்ணுக்கு 90 கிலோவுக்கு மேல் போகக் கூடாது. அங்கேயே நிறுத்துப் பார்ப்பார்கள், வீட்டுத் தராசுக் கணக்கு செல்லாது. அசல் பாஸ்போர்ட் கையில் இருக்க வேண்டும். ஸ்கூபா டைவிங்கும் திட்டத்தில் இருந்தால் அதைக் குதித்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். கடலுக்கடியில் போய் வந்து 24 மணி நேரம் ஆகாமல் உயரத்துக்குப் போனால் உடம்பில் கரைந்த நைட்ரஜன் குமிழாகும். பயணக் காப்பீட்டில் சாகச விளையாட்டு சேருமா என்று பார்த்துவிடுங்கள். பெரும்பாலான சாதாரண பாலிசிகளில் சேராது.

வெறும் வயிற்றோடு போவதுதான் பலர் செய்யும் தவறு. பாராசூட் சுழலும்போது குமட்டுவதற்கு அது பெரிய காரணம். ரெண்டு இட்லி போதும், மரச்சீனியும் மீன்கறியும் இறங்கிய பிறகு. கயிறு கட்டும் ஷூ, ஒட்டினாற்போல் இருக்கும் கால்சட்டை. கொலுசு, வளையல், தாலிச் செயின் எல்லாம் லாக்கருக்குப் போகட்டும். கண்ணாடி போடுகிறவர்களுக்கு அதன் மேலேயே மாட்டும் பெரிய கண்ணாடி உண்டு, ஆனால் முன்கூட்டியே கேட்க வேண்டும். மூக்கடைப்போ சளியோ இருந்தால் தேதியை மாற்றுவதே நல்லது. இறங்கும்போது காதுக்குள் அழுத்தம் சமனாகாமல் உயிர் போகும் வலி வரும்.

விமானம் 13,000 அடிக்கு ஏறும். குமரியில் நிற்கும் 133 அடி வள்ளுவர் சிலையை ஒன்றன்மேல் ஒன்றாக 98 அடுக்கினால் வரும் உயரம். ஆயிரம் அடிக்கு சுமார் 2 டிகிரி குறையும் என்பதால் கீழே 30 டிகிரி இருக்கும் நாளில் கதவு திறந்ததும் நம்மூர் மார்கழி விடியலை மிஞ்சும் குளிர் அடிக்கும். மாத்தூர் தொட்டிப்பாலத்தில் 115 அடியில் நின்று கீழே பார்த்தால் கால் கூசுகிறவர்கள்கூட இங்கே கூசுவதில்லை. தொட்டிப்பாலத்தில் தூண் தரைவரை போவது கண்ணுக்குத் தெரிகிறது, 13,000 அடியில் அப்படி ஒன்றும் இல்லை, தரை வரைபடம் போலத்தான் இருக்கும். உயரத்தைக் கண்டு பயப்படுகிறவர்கள் இதற்காகவே ஒதுங்கத் தேவையில்லை.

பெல்ட்டில் தோளில் இரண்டு, இடுப்பில் இரண்டு என நான்கு கொக்கிகள். நாலும் மாட்டி இறுக்கியாயிற்றா என்று கதவருகே போகும் முன் பயிற்றுநர் மறுபடி பார்ப்பார். கதவில் உடலை வளைக்கச் சொல்வார்: தலை பின்னால், இடுப்பு முன்னால், கால் இரண்டும் பின்னால் மடங்கி. ஏத்தன்பழ வளைவு என்று நினைத்துக்கொண்டால் சரி, மட்டிப்பழ அளவு வளைவு போதாது. குனிந்து கீழே பார்த்தால் இருவரும் புரளுவீர்கள். குதித்த சில வினாடிகளில் பயிற்றுநர் ட்ரோக் என்ற குட்டிப் பாராசூட்டை வீசுவார். இரண்டு பேர் எடையில் வேகம் எகிறாமல் மணிக்கு 190 கிலோமீட்டரை ஒட்டி நிற்கவைப்பது அதுதான். மூச்சு முட்டுகிறது என்பார்கள். காற்று இல்லாததால் அல்ல, பயத்தில் மூச்சை அடக்குவதால். தொண்டை கிழியக் கத்துங்கள். கத்த வேண்டுமானால் மூச்சை வெளியே விட்டாக வேண்டும், உள்ளே இழுப்பது தானாக நடக்கும்.

பெரிய பாராசூட் விரியும்வரை இப்படி விழும் நேரத்தை விளம்பரத்தில் ஒரு நிமிடம் என்பார்கள், கடிகாரம் வைத்துப் பார்த்தால் சற்றுக் குறைவு. 5,500 அடி அளவில், அதாவது அகத்தியர்மலை உச்சிக்கும் கொஞ்சம் கீழே, பெரிய பாராசூட் விரியும். விரியாவிட்டால் ரிசர்வ் என்ற மாற்றுப் பாராசூட் இருக்கிறது. பயிற்றுநர் நினைவிழந்தாலும் 1,900 அடியில் வேகத்தைக் கவனித்து ரிசர்வைத் தானே திறக்கும் ஏஏடி கருவியும் டேன்டெம் பையில் உண்டு. எந்த நாட்டில் குதித்தாலும் இந்தக் கருவி இருக்கிறதா என்று கேளுங்கள், மழுப்புகிற இடத்தில் குதிக்க வேண்டாம்.

பாராசூட் விரிந்ததும் தொடையில் வார் அறுக்கும். சொன்னால் கீழ்க்கொக்கிகளைக் கொஞ்சம் தளர்த்துவார். அடுத்த ஐந்து நிமிடம்தான் பனைமரத் தீவைப் பார்க்கும் நேரம். தலை சுற்றினால் வட்டமடிக்க வேண்டாம் என்று வாய் திறந்து சொல்லிவிடுங்கள்.

காயம் படுவது பெரும்பாலும் தரையில்தான். உங்கள் கால் பயிற்றுநரின் காலுக்கு முன்னால் தொங்குகிறது. பாராசூட் முன்னோக்கி ஓடும் வேகத்தில் அது முதலில் தட்டினால் கணுக்கால் பிசகும், இருவரும் முகங்குப்புற விழலாம். முழங்காலுக்கு அடியில் கைகொடுத்துக் காலை நேராகத் தூக்கி, சறுக்கி உட்கார வேண்டும். சுவரில் முதுகு சாய்த்துத் தரையில் உட்கார்ந்து, நீட்டிய இரு காலையும் ஐந்து வினாடி தூக்கிப் பாருங்கள். முடியாவிட்டால் போவதற்கு முன் இரண்டு வாரம் பழகுங்கள்.

எங்கள் மதிப்பீட்டில் பாம் தளம் கேட்கும் காசுக்குத் தகும், முதல் முறைக்கு மட்டும். காட்சி முக்கியமில்லை, குதித்தால் போதும் என்பவர் பாம் தளத்துக்கு அவ்வளவு கொடுக்க வேண்டியதில்லை. ரொம்பப் பயமென்றால் முதலில் மிர்திஃப் சிட்டி சென்டர் மாலில் இருக்கும் ஐஃப்ளையில், கீழிருந்து வீசும் காற்றில் மிதக்கவைக்கும் காற்றுக்கூண்டில், உடல் வளைவைப் பழகிக்கொள்ளலாம்.

நவம்பர் முதல் மார்ச் வரை நல்ல பருவம். வெயில் ஏறினால் காற்று குலுக்கும், காலை நேரமே கேளுங்கள். முப்பந்தல் காற்றாலைகளைப் பார்த்து வளர்ந்தவர்களுக்குத் தெரியும், கீழே இலை அசையாதபோதும் மேலே இறக்கை சுற்றிக்கொண்டிருக்கும். வானம் பளிச்சென்று இருக்கிறதே, ஏன் நிறுத்தினார்கள் என்று அங்கே சண்டை போடாதீர்கள். பயணத்தின் கடைசி நாளில் மட்டும் புக் செய்ய வேண்டாம். இரண்டாம் நாளில் வைத்தால், காற்றால் தள்ளிப்போனாலும் இன்னொரு காலை மிச்சம் இருக்கும்.