ஆற்றைக் கடக்கும் போர் மேசைக்கு வந்தால்: ஆஸ்பர்னா, பெரெசினாவா, போர்ட்டோவா?

நெப்போலியன் காலப் போர்களைப் பொம்மைப் படைகளும் பகடையும் வைத்து மேசையில் ஆடுபவர்களுக்கு ஆறு என்றாலே தலைவலி. நீல அட்டையை வெட்டி வைத்து, "கடக்க ஒரு சுற்று கூடுதல்" என்று ஒரு விதி எழுதிவிட்டால் அது ஆறாக இருக்காது, சேற்று வயலாகிவிடும். அன்றைய தளபதிகளின் கவலையெல்லாம் பாலத்தைப் பற்றித்தான். எதிரி எங்கே கடப்பான், ஒரு மணி நேரத்தில் எத்தனை பேர் கடக்கலாம், பாலம் எப்போது அறுந்துபோகும்? எந்தப் போரைத் தேர்ந்தெடுக்கிறோமோ, அதைப் பொறுத்து இந்த மூன்றில் ஒரு கேள்வி ஆட்டத்தின் உயிராகிறது. இருவர் மட்டும் ஆடுவதானால் என் ஓட்டு ஆஸ்பர்ன், எஸ்லிங் என்ற இரு கிராமங்களில் நடந்த போருக்கு.

1809 மே 21, 22. வியன்னாவுக்குப் பக்கத்தில், டான்யூப் ஆறு. தென்கரையிலிருந்து லோபாவ் தீவுக்கு நீளமான பாலம், தீவிலிருந்து வடகரைக்கு இன்னொரு சிறிய பாலம். மலைப்பனி உருகி வெள்ளம் ஏறிக்கொண்டிருந்தது. பிரெஞ்சுப் படை பாதிகூடக் கடக்காத நிலையில் ஆஸ்திரியத் தளபதி ஆர்ச்டியூக் சார்ல்ஸ் ஏறத்தாழ 95,000 பேரோடு வந்து விழுந்தார். அந்த மதியம் வடகரையில் நெப்போலியனிடம் அதில் மூன்றில் ஒரு பங்கு இருந்தாலே அதிகம். ஆற்றின் மேல்பக்கத்திலிருந்து ஆஸ்திரியர்கள் கல் ஏற்றிய படகுகள், பெரிய மரக்கட்டைகள், தீ வைத்த மிதவை ஆலை என்று ஒவ்வொன்றாக மிதக்கவிட்டார்கள். பாலம் மறுபடி மறுபடி அறுந்தது. இரண்டாம் நாள் காலை பிரெஞ்சு மார்ஷல் லான் ஆஸ்திரிய நடுவணியை நெருக்கிக்கொண்டு போன நேரத்திலும் அறுந்தது. இன்னொரு மார்ஷலான தாவுவின் படை தென்கரையிலேயே நின்றுவிட, வெடிமருந்து வரத்தும் நின்றது. பின்வாங்கும்போது கால்களில் பீரங்கிக் குண்டு பட்ட லான், மே 31 அன்று இறந்தார்.

இதை மேசையில் கொண்டுவர நான் ஆற்றையே வைப்பதில்லை. லோபாவ் தீவு மேசைக்கு வெளியே. அதற்குப் பதில் ஐந்து கட்டம் போட்ட நீள அட்டை ஒன்று. கடக்க வேண்டிய டிவிஷன்கள் (படைப்பிரிவுகள்) அதில் வரிசையில் நிற்கும், சுற்றுக்கு ஒரு கட்டம் நகரும். ஆஸ்திரியரிடம் ஆட்டம் முழுவதற்கும் ஐந்தே ஐந்து மிதவைச் சீட்டுகள். எந்தச் சுற்றில் விடுகிறார் என்பதை ரகசியமாக எழுதிவைப்பார்; இரண்டு சுற்று கழித்து அது பாலத்தை எட்டும். இரண்டு பகடையின் கூட்டு 9 அல்லது அதற்கு மேல் என்றால் பாலம் அறுந்தது. பழுது பார்க்கவும் பகடைதான்.

இதில்தான் வேடிக்கை. ஐந்தையும் முதலிலேயே விட்டு, பாலமும் அறுந்துவிட்டால் பிரெஞ்சுக்காரர் கடக்கவே மாட்டார், அடிக்க ஆளிருக்காது. பாதிப் பேரைக் கடக்கவிட்டு அறுக்க வேண்டும். எந்தப் பாதி என்பதுதான் ஆஸ்திரியரின் முழுப் பிரச்சினையும். எதிரே இருப்பவருக்கோ, அடுத்து அனுப்புவது குதிரைப்படையா, குண்டு வண்டிகளா என்ற குழப்பம். இரண்டு பேருக்கும் சுற்றுக்குச் சுற்று தூக்கம் கெடும்.

குறையும் உண்டு. ஆஸ்பர்னின் தேவாலயம், மதில் சூழ்ந்த கல்லறை, எஸ்லிங்கின் தானியக் கிடங்கு ஆகியவற்றுக்கான சண்டை அரைத்த மாவையே அரைக்கும். நிஜத்திலும் அப்படித்தான், ஆஸ்பர்ன் பலமுறை கை மாறியது. 28 மில்லிமீட்டர் உயரப் பொம்மைகளை வைத்தால் இரண்டு கிராமமும் சேர்ந்து மேசையையே விழுங்கிவிடும். 6 மில்லிமீட்டர்தான் இதற்குச் சரி.

பெரெசினா, 1812 நவம்பர் 26 முதல் 29 வரை, நெப்போலியன் ரஷ்யாவிலிருந்து பின்வாங்கும்போது கடந்த ஆறு, வேறு ரகம். இங்கே பிரெஞ்சுக்காரர் ஜெயிக்க வேண்டியதில்லை, தப்பித்தால் போதும். பிரெஞ்சு மார்ஷல் ஊதினோ தெற்கே போக்குக் காட்ட, ரஷ்யத் தளபதி சிச்சகோவ் ஏமாந்து அந்தப் பக்கம் போனார். அந்த இடைவெளியில் ஸ்டுடியங்கா கிராமத்தில் வீடுகளைப் பிரித்த மரத்தைக் கொண்டு ஜெனரல் எப்லேயின் ஆட்கள் உறைகுளிர் தண்ணீரில் நின்று இரண்டு பாலம் கட்டினார்கள். வண்டிகளுக்கான பாலம் திரும்பத் திரும்ப முறிந்தது. 28ஆம் தேதி சிச்சகோவ் மேற்குக் கரையிலும் இன்னொரு ரஷ்யத் தளபதி விட்கென்ஸ்டைன் கிழக்குக் கரையிலும் தாக்கினார்கள். மறுநாள் காலை பாலங்கள் எரிக்கப்பட்டன.

சிக்கல் என்னவென்றால், ரஷ்யர் பக்கம் ஒரே ஆள் ஆடினால் கதை முதல் நாளே முடிந்துவிடும். சிச்சகோவும் விட்கென்ஸ்டைனும் ஒத்துழைக்காததும், ரஷ்யத் தலைமைத் தளபதி குட்டுசோவ் வெகுதூரம் பின்தங்கியதும்தான் நெப்போலியனைக் காப்பாற்றின. ஆகவே ரஷ்யத் தளபதிகளைத் தனித்தனி அறையில் உட்காரவைத்து, நடுவர் சீட்டில் எழுதித் தருவதை மட்டும் காட்ட வேண்டும். 1824இல் பிரஷ்யாவில் ரைஸ்விட்ஸ் வெளியிட்ட கிரீக்ஸ்பீல் என்ற போர் விளையாட்டு முறையும் அடிப்படையில் இதுதான். நல்ல நடுவர் கிடைத்தால் பெரெசினாவை மிஞ்ச ஆளில்லை. கிடைக்காவிட்டால் தொடவே வேண்டாம்.

அப்புறம், படையைத் தொடர்ந்து வந்த ஆயிரக்கணக்கான நிராதரவானவர்கள். 27ஆம் தேதி இரவு பாலம் காலியாகக் கிடந்தும் பலர் கடக்காமல் நெருப்போரம் கிடந்தார்கள். சில விதிகளில் இவர்கள் வெறும் "தடை" காய்கள். எனக்கு அது உறுத்தும். கடந்த ஒவ்வொரு கூட்டத்துக்கும் வெற்றிப் புள்ளி தந்தால், பாலத்தை எப்போது எரிப்பது என்ற முடிவும் கனமாகும்.

போர்ச்சுகலின் போர்ட்டோ, 1809 மே 12, மேசையில் ஒரே மாலையில் ஆடி முடிக்கலாம். ஊரைப் பிடித்து வைத்திருந்த பிரெஞ்சு மார்ஷல் சூல்ட் பாலத்தை அழித்துவிட்டு, ஆபத்து கடல் பக்கமிருந்துதான் வரும் என்று இருந்தார். முடிதிருத்துபவர் ஒருவர் கொடுத்த தகவலால் கிடைத்த சில மதுப் படகுகளில், தடவைக்கு முப்பது பேர் போல, பிரிட்டிஷ் தளபதி வெல்லஸ்லி (பின்னாளில் வெலிங்டன்) தன் ஆட்களை டோரோ ஆற்றின் குறுக்கே அனுப்பி ஒரு செமினரி (பாதிரியார் பயிற்சிப் பள்ளி) கட்டடத்தைப் பிடித்தார். எதிர்க்கரை மேட்டிலிருந்த பீரங்கிகள் அதற்குக் காவல். 1803இல் இந்தியாவின் அசாயேயில் ஆற்றின் இரு கரையிலும் நேரெதிரே கிராமங்கள் இருப்பதைப் பார்த்து, நடுவில் ஆழமில்லாத கடவு இருந்தே தீரும் என்று கணித்தவரும் இவரே.

சூல்ட் ஆடுபவர் வரலாறு படித்திருந்தால் செமினரியில் முதல் சுற்றிலேயே காவல் போட்டுவிடுவார், ஆட்டம் காலி. எனவே ஊர்ப் பெயர்களை மாற்றி, வரைபடத்தை இடவலமாகத் திருப்பி, படகு கிடைக்கும் இடத்தை மூன்று சீட்டில் ஒன்றை உருவித் தீர்மானியுங்கள். யார் சூல்ட், யார் வெல்லஸ்லி என்பதைக் கடைசிவரை சொல்ல வேண்டாம்.